பறவைக்கும் பசி உண்டு

நம் கதைகளில் பறவைகளுக்கு வேலை அதிகம். கதாநாயகி தனிமையில் வாடினால் எங்கிருந்தோ ஒரு குயில் கூவியாக வேண்டும். வீட்டில் சாவு விழப்போகிறதென்றால் முதல் நாள் இரவே கூரைமேல் ஆந்தை அலறிவிட வேண்டும். விருந்தாளி வருமுன் காகம் கரைய வேண்டும். காதலர்கள் பிரிந்தால் இரண்டு கிளிகள் ஜோடியாகப் பறந்து அவர்கள் நெஞ்சைப் புண்படுத்த வேண்டும். அத்தியாயத்தை முடிக்க வேறு வழி தெரியாவிட்டால், பறவைகள் கூடு திரும்பிக்கொண்டிருந்தன என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆசிரியர் விளக்கை அணைத்துவிடலாம். இத்தனை உழைப்புக்கும் அந்த ஜீவன்களுக்குக் கிடைக்கும் கூலி பூஜ்யம். ஒரு புழு, ஒரு நெல்மணி, ஒரு சின்ன மீன் எதுவும் கிடையாது. நாவல் முழுவதும் பட்டினியாகவே பறந்துகொண்டிருக்கின்றன.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. மனிதப் பாத்திரம் என்றால் நம் எழுத்தாளர்கள் எவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்! குமாஸ்தாவுக்குச் சம்பளம் எவ்வளவு, மளிகைக் கடையில் பாக்கி எவ்வளவு, மாமியார் வீட்டில் அவனுக்கு என்ன மரியாதை என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அவனைப் பேச விடுகிறார்கள். தனக்கென்று ஒரு காரியம் இல்லாத பாத்திரம் வெறும் பொம்மை என்பது நமக்கு நன்றாகத் தெரியும். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பையனுக்குக்கூட ஊரில் ஒரு தாயார் இருக்கிறாள் என்பதை ஒரு வார்த்தையில் காட்டிவிடுகிறவனைத்தான் நல்ல எழுத்தாளன் என்கிறோம். இந்த நியாயம் பறவைக்கு மட்டும் ஏன் இல்லை? அது ஏன் எப்போதும் நம்முடைய துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் பின்பாட்டுப் பாட வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்குப் பல காலமாக உண்டு. அதற்கு ஒரு அளவுகோல் கிடைத்தது கோடிக்கரையில். தை மாதத்தில் ஒரு பகல் முழுவதும், பள்ளிக்கூட ஆசிரியரான நண்பர் ஒருவரோடு அங்கே பறவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடிக்கரையைப் பற்றி நாவல் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்கள் எல்லோரும் மனத்தளவில் அங்கே போய்வந்தவர்கள்தாம். பூங்குழலியின் படகும், புதைசேறும், கலங்கரை விளக்கமும் அவர்களுக்குத் தம் சொந்த ஊர்போலப் பழக்கம். நிஜமான கோடிக்கரை வேதாரணியத்துக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் வங்கக்கரை அங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த மூலையில் ஒரு காடு. காட்டை ஒட்டி மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு. வடக்கே, 1930இல் ராஜாஜி சத்தியாக்கிரகம் நடத்திய உப்பளப் பிரதேசம். 1967இல் காட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் ராம்சார் உடன்படிக்கைப்படி உலகின் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழை சதுப்பை நிரப்பும்போது வடக்கேயிருந்து பறவைகள் வந்து சேருகின்றன. வெயில் முற்றுகிற பங்குனியில் பெரும்பாலும் புறப்பட்டுவிடுகின்றன. வடதேசங்கள் பனியில் உறைந்து கிடக்கிற மாதங்களில் இங்கே காலை ஒன்பது மணிக்கே முதுகு காய்கிறது. அந்த வெதுவெதுப்பும் கணுக்கால் அளவுத் தண்ணீரும்தான் அவற்றுக்கு வேண்டியவை.

காலையில் முதலில் கண்ணில் பட்டது உப்பளத்து ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறு பறவை. நாலு எட்டு ஓடும், டக்கென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். வரப்பில் உட்கார்ந்திருந்த உப்பளத்து அம்மாள் ஒருத்தியிடம் நண்பர் பெயர் கேட்டார்.

"அது உப்புக்கொத்திங்க ஐயா."

"உப்பையா தின்கிறது?"

"உப்பை யாரு திம்பா? அது பூச்சியைக் கொத்துது. தூரத்திலேருந்து பாக்கிறவங்களுக்கு உப்பைக் கொத்துற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இதைவிட நல்ல இலக்கிய விமரிசனத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை. பெயர் வைத்தவன் எங்கே நின்று பார்த்தான், என்ன பார்த்தான், அவன் பார்வை எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. நம் மொழியின் பறவைப் பெயர்களில் பாதி இப்படிப்பட்டவை. மனிதன் வருவதைக் கண்டால் கூச்சலிட்டுக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி. அந்தப் பெயரைச் சூட்டியவன் மறைந்து மறைந்து வந்த வேடனாகத்தான் இருக்க வேண்டும். நத்தையின் ஓட்டிலிருந்து சதையை எடுப்பது நத்தைகுத்தி. கரையிலுள்ள கல்லைப் புரட்டி அடியில் இரை தேடுவது கல்திருப்பி. தட்டையான அலகால் தண்ணீரைத் துழாவுவது கரண்டிவாயன். எல்லாம் தொழிற்பெயர்கள்! கொல்லன், தச்சன் என்று நாம் ஊரில் பெயர் சொல்வதில்லையா, அதுபோல. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் பறவையைப் பார்த்தபோது முதலில் கேட்டது, அது எப்படிப் பிழைக்கிறது என்பதைத்தான். நம்முடைய கதாசிரியர்கள் கேட்க மறந்துபோன கேள்வி அது.

வெயில் ஏறிய பிறகு சதுப்பின் ஓரத்துக்குப் போனோம். அங்கே கூட்டம் கூட்டமாகக் கொசு உள்ளான்கள். பெயரே சொல்கிறது, உள்ளான் குலத்தில் அதுதான் பொடி. எடை முப்பது கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். நல்ல எலுமிச்சம்பழம் அதைவிடக் கனம். தலை நிமிராமல், தையல் இயந்திரத்து ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகிறது. இந்த எலுமிச்சம்பழம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஐரோப்பாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும், வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத வெட்டவெளிகளில். அங்கிருந்து புறப்பட்டு, மலைகளையும் பாலைவனங்களையும் தாண்டி, நாகப்பட்டினம் ஜில்லாவுக்கு வந்து சேருகிறது. மறுபடி அவ்வளவு தூரம் திரும்பிப் போக வேண்டும். அதற்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில்தான் அது சம்பாதிக்கிறது. அதனால்தான் தலை நிமிரவில்லை. பக்கத்தில் நிற்கும் நாவலாசிரியரைப் பார்க்க அதற்கு ஏது நேரம்?

கூட்டம் திடீரென்று எழும்பிப் பறக்கிறது. ஒரே உடம்புபோல ஒருபக்கம் சாய்கிறது, வெள்ளையாக மின்னுகிறது, மறுபக்கம் திரும்பினால் காணாமல் போகிறது. 'மகிழ்ச்சியோடு சிறகடித்தன' என்று ஒரு வரி எழுதிவிடக் கை துடிக்கும். மேலே பார்த்தால் பருந்து வட்டமிடுகிறது. மகிழ்ச்சி எங்கே வந்தது? உயிர்ப் பயம். கதாசிரியன் அந்தப் பருந்தையும் பார்த்துவிட்டு எழுதினால் அந்த வரியின் அழகு குறைந்துவிடுமா, கூடுமா என்பதை ரஸிகர்களே சொல்லட்டும்.

மத்தியானம் வேதாரணியம் சாலையில் ஒரு கடையில் அவித்த பனங்கிழங்கு வாங்கினோம். தை மாதம் அதன் காலம். தோலை உரித்து நெடுக்குவாட்டில் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்தபோது, கையில் இரண்டு நீண்ட பாதிகள். அடியில் பருத்து நுனியில் கூர்மையாகி முடிகின்றன. சத்திமுற்றப் புலவர் ஞாபகத்துக்கு வராமல் எப்படி இருப்பார்? அவர் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீச்சுரத்தை அடுத்தது. மதுரையில் வறுமையிலும் வாடையிலும் சிக்கி, போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் ஒடுங்கிக் கிடந்த அந்த மனிதர், வானத்தில் போன நாரையைக் கூப்பிட்டு மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பிய பாட்டு நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டிருக்கிறார். காலின் நிறம், அலகின் நிறம், அதன் கூர்மை, ஜோடியாகப் போவது, தென்கடலுக்குப் போய்விட்டு வடக்கே திரும்புவது என்று அவர் கொடுக்கும் அடையாளங்களை வைத்துக்கொண்டு, அது வடக்கேயிருந்து பனிக்காலத்தில் இந்த நாட்டுக்கு வருகிற, உடம்பு வெளுத்துக் காலும் மூக்கும் சிவந்த நாரையேதான் என்று பறவை நூலோர் பெயர் சொல்லிவிட முடிகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது பறவை நூல் அல்ல. அந்த உவமை எங்கிருந்து வந்தது? தாமரையும் பவளமும் எல்லாப் புலவர்களுக்கும் பொது. பவளத்தை அவரும் விடவில்லை. பனங்கிழங்கு ஏழை வீட்டுச் சாப்பாடு. வாடை வீசுகிற காலமும் பனங்கிழங்கு கிடைக்கிற காலமும் ஏறக்குறைய ஒன்று. பசித்தவன் கண்ணுக்கு நாரையின் மூக்கு கிழங்காகத் தெரிகிறது! தன் பசியை அவர் அந்த இடத்தில் சொல்லவே இல்லை. நாரையைத்தான் உள்ளபடி சொன்னார். பறவையை அவ்வளவு கூர்ந்து பார்த்ததாலேயே பார்த்தவனும் அதில் அகப்பட்டுக்கொண்டான். இதைத்தான் இலக்கியம் என்கிறோம். அவர் நாரையை வெறும் தூதுவனாக மட்டும் வைத்திருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது ஒரு விலாசம் எழுதிய தபால்கார்டு.

இதற்கும் மேலே ஒரு படி போனவர் கபிலர். குறுந்தொகையில் அவர் பாட்டு ஒன்று இருக்கிறது. காதலன் களவில் கூடிப் பிரிந்துவிட்டான். அவன் வாக்குத் தவறினால் தலைவி யாரிடம் போய் முறையிடுவாள்? சாட்சி யாரும் இல்லை. இருந்தது ஒரு குருகுதான். அதன் சிறிய பசிய கால்களுக்குத் தினையின் தாளை உவமை சொல்கிறார் கபிலர். அந்தக் குருகும் அப்போது ஓடுகிற நீரில் ஆரல்மீன் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த மீனை எடுத்துவிட்டுப் பாட்டைப் படித்துப் பாருங்கள். ஒரு பெண் தவிக்கிறாள், பக்கத்தில் ஒரு பறவை நிற்கிறது. அழகான படம், காலண்டருக்கு ஆகும். மீனைத் திருப்பி வைத்தவுடன் படம் உயிர் பெறுகிறது. அவளுடைய வாழ்க்கையே திசைமாறிய அந்த வேளையில், பக்கத்தில் இருந்த ஒரே ஜீவனுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அதற்குத் தன் சாப்பாடு பெரிது. உலகம் நம்மைக் கவனிக்கவில்லை என்ற உண்மை எவ்வளவு பெரிய தனிமை! அதைச் சொல்ல அழுகை வேண்டியிருக்கவில்லை, பெருமூச்சு வேண்டியிருக்கவில்லை. ஒரு கொக்குக்குப் பசிக்கிறது என்று சொன்னாலே போதுமாக இருந்தது. இன்றைய கதாசிரியர் ஒருவர் இதே கட்டத்தை எழுதினால் அந்தக் குருகு கட்டாயம் தலைவியைப் பார்த்து இரக்கத்தோடு ஒரு குரல் கொடுத்திருக்கும். பாட்டும் அங்கேயே செத்திருக்கும்.

பாரதியார் குயிலைப் பேச வைக்கவில்லையா, பாட வைக்கவில்லையா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். தோப்பில் நாம் கேட்கும் அந்த நீண்ட கூவல் கறுப்பு ஆண்குயிலுடையது. புள்ளி போட்ட பெண்குயிலின் குரல் வேறு. 'குயில் பாட்'டில் பாடுவதோ பெண். பறவை நூலை வைத்துக்கொண்டு பாரதியாரைத் திருத்தப் புறப்படுகிறவனுக்குக் கவிதையும் தெரியாது, அநேகமாகக் குயிலும் தெரியாது. அது முழுக்கவும் கற்பனையின் விளையாட்டு என்று கவிஞரே கடைசியில் சொல்லிவிடுகிறார். தவிரவும், அந்தக் கற்பனைக்குள் குயிலுக்கு எத்தனை சொந்தக் காரியம்! குரங்கிடம் ஒரு பேச்சு, மாட்டிடம் ஒரு பேச்சு என்று அது கவிஞரையே திண்டாட வைக்கிறது. அது யாருக்கும் பின்பாட்டுப் பாடவில்லை. குற்றம் அவருக்குப் பின்னால் வந்தவர்களுடையது. கற்பனையை விட்டுவிட்டுக் குயிலை மட்டும் கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. வாசகருக்குக் கொசு உள்ளானும் தெரியாது, கல்திருப்பியும் தெரியாது. பறவை என்று பொதுவாகச் சொன்னால் போதாதா என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. பெயர்களை அடுக்குவதால் எழுத்து உயர்ந்துவிடாது. புத்தகத்தைப் பார்த்து இருபது பறவைப் பெயர்களை ஒரு பாராவில் இறைக்கிற நாவல்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. அது சரக்கு ஜாபிதா. கபிலர் குருகு என்றாரே ஒழிய அதன் ஜாதியைச் சொல்லவில்லை. காலைச் சொன்னார், மீனைச் சொன்னார். ஆக, பெயர் தெரிந்தால் நல்லது. பிழைப்பு தெரிய வேண்டியது அவசியம். கதையில் ஒரு பறவை வந்தால் நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்: அது கடைசியாக எதைத் தின்றது? ஆசிரியருக்குப் பதில் தெரியும் என்று பட்டால் போதும், அவர் அதை எழுதாமல் விட்டிருந்தாலும் சரி.

இப்படி எழுத முடியும் என்பதற்கு நம் காலத்து உரைநடையிலும் சாட்சி உண்டு. மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் காலமாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பிராணிகளையும் பறவைகளையும் பற்றி விடாமல் எழுதிவந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். ஆங்கிலத்தில்தான் அதிகம் எழுதினார்; தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவருடைய மகன் மனிதர்களை விட்டுவிட்டு அணிலையும் காகத்தையும் பாத்திரங்களாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் பிராணிகளுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதில்லை. நீதி சொல்லச் சொல்லி அவற்றைத் தொந்தரவு செய்வதும் இல்லை. அந்த மரியாதையை நம் நாவலாசிரியர்கள் அவரிடம் கடன் வாங்கலாம்.

சாயங்காலம் பூநாரைகளைப் பார்த்தோம். நடுச் சதுப்பில், வெயில் சாய்ந்த நேரத்தில், ஒரு நீண்ட வெளிர்ரோஜாக் கோடு. பைனாகுலரில் கோடு கழுத்துகளாகவும் கால்களாகவும் பிரிந்தது. எல்லாம் மேய்ச்சலில் இருந்தன. பூநாரை தின்கிற விதம் விசித்திரமானது. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீரில் வைத்து, நாக்கினால் சேற்றுநீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் உட்புறத்தில் சீப்புப் பல் போன்ற வரிசை. தண்ணீர் வெளியேறிவிடும், நுண்ணிய இறாலும் பாசியும் தங்கிவிடும். அந்த இரையில் இருக்கிற சாயச்சத்துத்தான் அதன் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. இரை மாறினால் நிறம் வெளுத்துவிடும்.

அப்படியானால் பூநாரையின் அழகு என்பதே அது சாப்பிட்ட சாப்பாடுதான். அழகு மட்டும் வேண்டும், சாப்பாடு வேண்டாம் என்கிற எழுத்தாளர் எதை வர்ணிக்கிறார்? அந்திவானத்தில் பறந்த ரோஜாப் பறவைகள் என்று எழுதி முடித்துவிட்டால், அந்தச் சேறு, அந்த இறால், அதை வாழவிடுகிற உப்பும் நன்னீரும் கலந்த அளவு எல்லாம் கதைக்கு வெளியே போய்விடுகின்றன.

போனால் என்ன என்று கேட்கலாம். சொல்கிறேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல வருஷங்கள் கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டிருக்கிறார்கள். 1980களில் இருந்த கூட்டம் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டதென்று அந்த வேலையில் இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். சதுப்புக்கு வரும் நல்ல தண்ணீர் குறைந்தது; உப்புத் தொழில் பெருகி நீரின் தன்மை மாறியது; சீமைக்கருவேல் பரவியது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கரையேறிய கஜா புயல் காட்டு மரங்களைச் சின்னாபின்னமாக்கியது. இவையெல்லாம் அறிக்கைகளில் இருக்கின்றன. ஆனால் ஒரு ஜனசமூகம் எதை இழந்தோம் என்று உணர்வது அறிக்கையைப் படித்து அல்ல. கதையையும் பாட்டையும் படித்துத்தான். 'ஏதோ பறவைகள் பறந்தன' என்றே எழுதிப் பழகிய மொழியில், நாளைக்குக் கொசு உள்ளான் வராமல் போனால் அதை எந்த வாக்கியத்தில் சொல்வது? 'ஏதோ பறவைகள் வரவில்லை' என்றா? அதைப் படித்து யார் கண் கலங்கும்?

சத்திமுற்றப் புலவரின் நாரை இந்தப் பக்கத்தில் அபூர்வமாகிவிட்டது. அவர் பாட்டு இருப்பதால்தான் நமக்கு அது அபூர்வமாகிவிட்டது என்பதே தெரிகிறது. உப்புக்கொத்திக்கும் கொசு உள்ளானுக்கும் அப்படி ஒரு வரி தமிழ்க் கதையில் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. எழுத நினைக்கிறவர்களுக்கு யோசனை ஒன்று: மார்கழிக்கும் மாசிக்கும் நடுவில் போங்கள், விடியுமுன் போய்ச் சேருங்கள், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்கு ஏதாவது கிடைக்குமா என்று மட்டும் தேடாதீர்கள். அங்கே எல்லோரும் சாப்பாட்டு வேளையில் இருப்பார்கள். தொந்தரவு செய்யாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.